இரண்டாம் வாரத்தில் தீர்ந்துபோன பிரச்சினை

கருங்குளத்தூரில் ஓர் ஆளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூப்பிட்டனுப்பினால் இரண்டு காரணம்தான் இருக்கும். ஒன்று, அவர் பிள்ளை யாரையாவது அடித்திருக்கும். இல்லாவிட்டால் யாரிடமாவது அடி வாங்கியிருக்கும். கொத்தனார் தர்மன் விஷயம் மட்டும் வேறு. ஐந்து மாதமாக அவன் பள்ளிக்கூடத்துக்குப் போவதும் வருவதுமாக இருந்தது ஒரு கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிக்காக. அதை இறக்கினான், ஏற்றினான், மறுபடி இறக்கினான், மறுபடி ஏற்றினான். கடைசியில் டீக்கடையில் அவனைக் கண்டால் சௌக்கியம் விசாரிப்பதையே விட்டுவிட்டார்கள்.

"என்ன தர்மா, இன்னிக்கு மேலயா, கீழயா?"

தர்மன் டீயைக் குடித்துவிட்டுப் போய்விடுவான். அவனுக்கு வெட்கம். ஏன் வெட்கம் என்பது தெருவில் பாதிப்பேருக்குத் தெரியாது. தெரிந்த பாதிப்பேர் வெளியே சொல்ல மாட்டார்கள். அவர்களில் நாலைந்து பேர் அவனோடு சேர்ந்து சித்தாள் வேலை பார்த்தவர்கள்.

அந்தத் தொட்டி உட்கார்ந்திருந்த மேடையைக் கட்டியவனே தர்மன்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால், நடுநிலைப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கட்டியபோது, தண்ணீர்த் தொட்டிக்கு ஆறரை அடி உயரத்தில் செங்கல் மேடை கட்டச் சொன்னார்கள். கருங்குளத்தூர், குழாயின் கடைசி ஊர். தண்ணீர் இங்கே வந்து சேரும்போது தெம்பு தீர்ந்திருக்கும். தர்மன் அப்போதே சொன்னான்.

"இம்மாம் ஒசரத்துக்குத் தண்ணி ஏறாதுங்க சார்."

வேலையை மேற்பார்வை பார்க்க வந்தவர் கையிலிருந்த காகிதத்தைக் காட்டினார். "டிராயிங்ல என்ன போட்டிருக்கு?"

"ஆறரைங்க."

"அப்புறம் என்ன?"

எல்லாப் பள்ளிக்கும் ஒரே டிராயிங். தர்மன் கட்டினான். சிமெண்டைத் துளிகூடக் குறைக்காமல், மூலை பிசகாமல், நூல் பிடித்துக் கட்டினான். தொட்டி வந்தது, குழாய் வந்தது, பெயர்ப்பலகை வந்தது. தண்ணீர் மட்டும் வரவில்லை.

அவன் மகள் மஞ்சு இப்போது அந்தப் பள்ளியில் எட்டாம் வகுப்பு. காலையில் அவள் அம்மா செல்லக்கண்ணு ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிக் கொடுப்பாள். சாயங்காலம் அந்தப் பாட்டில் நிரம்பியபடியே வீடு திரும்பும். குடித்தால் போக வேண்டும்; போனால் தண்ணீர் கிடையாது; ஆகவே குடிப்பதில்லை என்று ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பெண்கள் பதினோரு பேரும் கூடிப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கே வருவதில்லை என்பதைப் பேசாமலே முடிவெடுத்திருந்தார்கள். மஞ்சுவுக்கு நீர்க்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, அரியலூருக்குக் கூட்டிப்போனதில் டாக்டர், "தண்ணி நிறையக் குடிக்கணும்மா" என்று சொல்லி அனுப்பினார். தர்மன் பஸ்ஸில் திரும்பி வரும்போது ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

இந்த நிலையில்தான் 'ஸ்டெம் நிஜ உலகம்' என்ற அறிவியல் தொழில்நுட்பத் திட்டம் வந்து சேர்ந்தது.

பெரம்பலூரில் ஒரு மாடியில் நெடுந்திட்டக் கற்றல் மையம் என்று ஒன்று இருந்தது. அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து அதன் ஒருங்கிணைப்பாளர் வேணுகோபால். கழுத்தில் அடையாள அட்டை, சட்டைப்பையில் மூன்று நிறப் பேனா. கருங்குளத்தூருக்கு வந்து, நாற்பத்தொரு பிள்ளைகளையும் தரையில் உட்காரவைத்து, ஒன்றரை மணி நேரம் பேசினார்.

"புத்தகத்துல இருக்கிற கணக்கைப் போட்டது போதும் பிள்ளைங்களா! பிரச்சினை உங்க பக்கத்துலயே இருக்கு. நீங்களே தேடுங்க, நீங்களே அளந்து பாருங்க, நீங்களே தீருங்க! இருபத்து நாலு வாரம்! இந்த நாட்டோட எதிர்காலம் உங்க கையில இருக்கு!"

மற்ற ஊர்களில் இதைப் பேச்சாகக் கேட்டுக் கைதட்டினார்கள். கருங்குளத்தூரில் மஞ்சு இதை அப்படியே நம்பிவிட்டாள். தவறு அங்கேதான் தொடங்கியது.

முதல் வாரத்திலேயே அவளும் அவள் தோழி அஸ்ரினும் பிரச்சினையைக் கண்டுபிடித்தார்கள். தேட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. இரண்டாம் வாரம் மஞ்சு அப்பாவின் சாமான் பையிலிருந்து, மட்டம் பார்க்கும் டியூபை எடுத்துக்கொண்டு போனாள். தண்ணீர் வரும் குழாயின் வாயில் ஒரு முனையைச் செருகி, இன்னொரு முனையை உயர்த்திப் பிடித்தார்கள். டியூபுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போய் ஐந்தடியில் நின்றது. அஸ்ரின் பெஞ்சு மேல் ஏறி அந்த இடத்தில் சுவரில் கோடு போட்டாள். மூன்று நாள், மூன்று வேளை பார்த்தார்கள். ஐந்தடிக்கு மேல் ஒரு விரல்கூட ஏறவில்லை. மேடை ஆறரை, தொட்டி மூன்று. தொட்டியின் வாய் ஒன்பதரை அடியில் இருந்தது. நாலாம் வகுப்புப் பிள்ளைகூடக் கழித்துச் சொல்லிவிடும் கணக்கு.

"அப்பா, பக்கத்துலயே ஒன்றரை அடிக்கு ஒரு மேடை கட்டித் தொட்டியை எறக்கி வெச்சாப் போதும்ப்பா. கழிப்பறைக் கொழா அதுக்கும் கீழதான் இருக்கு. தண்ணி வந்துரும்."

தர்மன் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டான். "இந்த மேடையைக் கட்டுனது யாருன்னு தெரியுமா?"

"தெரியும்" என்றாள் மஞ்சு.

ஞாயிற்றுக்கிழமை மிச்சம் கிடந்த செங்கல்லை வைத்து மேடை கட்டினான். திங்கட்கிழமை தொட்டி இறங்கியது. மூன்றாவது பீரியட் மணி அடிப்பதற்குள் தொட்டி நிரம்பி வழிந்தது. பதினோரு பெண்களும் குழாயைத் திறந்து மூடி, திறந்து மூடி விளையாடியதில் ஒரு வகுப்பு நடக்கவே இல்லை. அறிவியல் ஆசிரியையும் பொறுப்புத் தலைமையாசிரியையுமான சிந்தாமணி டீச்சர் திட்டவில்லை. அவரும் ஒரு தரம் திறந்து மூடிப் பார்த்தார். பிறகு பிள்ளைகள் கைகழுவுவதைப் படம் எடுத்துத் திட்டத்தின் செயலியில் ஏற்றினார்.

செயலியில் சிவப்பு எழுத்தில் பதில் வந்தது: 'பிரச்சினை தென்படவில்லை. படம் நிராகரிக்கப்பட்டது.'

மறுநாள் வேணுகோபாலே வந்துவிட்டார். வந்த வேகத்தில் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"டீச்சர், என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கீங்க? இது ரெண்டாவது வாரம்! உணர்தல் கட்டம்! ஆறு வாரம் பிரச்சினையை உணரணும், அப்புறம் வரையறுக்கணும், யோசிக்கணும், மாதிரி செய்யணும். பதினெட்டாவது வாரத்துக்கு முன்னாடி தீர்வே வரக்கூடாது. யாரு உங்களைத் தீர்க்கச் சொன்னது?"

"நீங்கதான் சார் சொன்னீங்க" என்றாள் மஞ்சு.

"அது தொடக்கவிழாப் பேச்சும்மா. அதையெல்லாம் அப்படி எடுத்துக்கக் கூடாது." டீச்சர் பக்கம் திரும்பினார். "தா.பழூர் பக்கத்துல ஒரு ஸ்கூல் 'கடல் மட்டம் உயர்வு'ன்னு எடுத்திருக்காங்க. எவ்வளவு பொறுப்பான பிரச்சினை! இருபத்து நாலு வாரத்துல அது தீர்ந்துருமா? அப்படி எடுக்கணும். உங்க பிள்ளைங்களுக்குப் பொறுமையே இல்ல."

"சார், பிள்ளைங்களுக்குத் தண்ணி வந்துருச்சே."

"தண்ணி எப்ப வேணா வரும் டீச்சர். கற்றல் அனுபவம் போனா வருமா?" குரலைத் தாழ்த்தினார். "நாற்பத்தொரு பிள்ளைங்கதான் இருக்காங்க இங்க. சின்ன ஸ்கூலையெல்லாம் செந்துறையோட சேர்க்கலாமான்னு ஒரு லிஸ்ட் ஓடிட்டு இருக்கு. மதிப்பெண் குறைஞ்சா மேல என்ன முடிவு எடுப்பாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் மிரட்டல. உணர்த்துறேன்."

செந்துறைக்குப் போவதென்றால் சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசைகட்டிப் போகும் ரோட்டைச் சின்னப் பிள்ளைகள் கடந்து பஸ் ஏற வேண்டும். சிந்தாமணி டீச்சர் தர்மன் வீட்டு வாசலுக்கே வந்து நின்றார். "அஞ்சே மாசம் மேல இருக்கட்டும் தர்மன். அப்புறம் நிரந்தரமா எறக்கிடலாம்." அவர் கண்ணைப் பார்க்காமல் பேசியதைத் தெருவே பார்த்தது.

நிரம்பிய தொட்டியை மேலே ஏற்ற முடியாது. முதலில் காலி செய்ய வேண்டும். ஐந்நூறு லிட்டர் தண்ணீர் முருங்கை மரத்தடியில் ஓடுவதைப் பதினோரு பெண்களும் வரிசையாக நின்று பார்த்தார்கள். மறுநாள் பாட்டில் நிரம்பியபடியே வீட்டுக்கு வந்தது.

அதன்பிறகு உணர்தல் கட்டம் முறைப்படி நடந்தது. ஆண்டிமடத்திலிருந்து ஒரு வேனில் பன்னிரண்டு ஆசிரியர்கள் உணர்வதற்காக வந்தார்கள். ஒவ்வொருவராகக் கழிப்பறைக்குள் போய், வறண்ட குழாயைத் திறந்து பார்த்து, உச்சுக்கொட்டி, வெளியே வந்து பதிவேட்டில் கையெழுத்துப் போட்டார்கள். 'என்ன உணர்ந்தீர்கள்?' என்ற கட்டத்தில் பத்துப்பேர் 'மிகவும்' என்று எழுதினார்கள். இரண்டு பேர் 'மேற்படி' என்று எழுதினார்கள். வேன் போகும் வழியில் முந்திரிப்பருப்பு வாங்கிக்கொண்டு போனது.

மஞ்சுவின் படத்தைப் பெரிதாக அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். கீழே, 'பயனாளி: மஞ்சு, வயது 13. வலி: உண்டு' என்று போட்டிருந்தது. பெண்பிள்ளைகள் தினமும் மூன்று மணிக்கு 'வலி அளவுகோல்' என்ற தாளில் ஒன்றிலிருந்து ஐந்துவரை ஓர் எண்ணைச் சுழிக்க வேண்டும். அஸ்ரின் ஒருநாள் ஆறு என்று எழுதிவிட்டாள். அளவுகோலை மீறியதாகத் தாள் திரும்பி வந்தது.

பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்து, ரோட்டுக் குழாயில் காலையில் தண்ணீர் வரும்போது இரண்டு பக்கெட் பிடித்து உள்ளே வைத்தார் சிந்தாமணி டீச்சர். அடுத்த வருகையில் வேணுகோபால் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"பக்கெட் வெச்சீங்கன்னா டேட்டா கெட்டுப்போயிரும் டீச்சர். இந்த வார வலி ரெண்டுக்கு வந்துருச்சு பாருங்க. கிராஃப் விழுந்துருச்சு. மாநில அளவுல நான் என்ன பதில் சொல்றது?"

பக்கெட் இரண்டும் அலமாரிக்குள் வைத்துப் பூட்டப்பட்டன. அலமாரியின் மேல் 'தரவைப் பாதுகாப்போம்' என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டது.

யோசித்தல் கட்டத்தை முன்கூட்டியே தொடங்கலாம் என்று அனுமதி வந்தபோது, நூறு யோசனை எழுதச் சொன்னார்கள். மஞ்சு ஒன்றே ஒன்று எழுதினாள்: 'தொட்டியை இறக்குவது.' வேணுகோபால் அதை அடித்தார்.

"இதுல தொழில்நுட்பம் எங்கம்மா இருக்கு? செங்கல் தொழில்நுட்பம் இல்ல. உங்க அப்பா வேலை அது. ஸ்டெம்ல அது வராது."

தர்மன் அப்போது வாசலில்தான் நின்றிருந்தான். 'சமூக வல்லுநர்' என்று அவன் பெயரையும் எழுதி, கையெழுத்துக்காக வரச் சொல்லியிருந்தார்கள். டியூபில் தண்ணீர் மட்டம் பார்ப்பது எதில் வரும் என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. கையெழுத்தைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனான்.

தொழில்நுட்பம் அட்டைப்பெட்டியில் வந்தது. ஓர் உணர்கருவி, ஒரு சின்ன ஒலிபெருக்கி. தொட்டியில் தண்ணீர் இல்லாவிட்டால் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அது இனிமையான பெண்குரலில், "தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை. நன்றி" என்று சொல்லும். மூன்று தெருவுக்குக் கேட்கும். டீக்கடைக்காரர் அதை வைத்துப் பால் காய்ச்சும் நேரம் பார்த்துக்கொண்டார். பக்கத்து வீட்டில் பேசப் பழகிக்கொண்டிருந்த குழந்தை முதலில் சொன்ன முழு வாக்கியம் அதுதான்.

பத்தாவது வாரம் மஞ்சுவுக்கு மறுபடி காய்ச்சல். இந்தத் தடவை சிறுநீரில் ரத்தம். மூன்று நாள் ஊசி போட்டுக்கொண்டு வந்து படுத்தாள். விடிந்ததும் தர்மன் தானே போய்த் தொட்டியை இறக்கி வைத்தான். கருவி வாயை மூடியது. ஊரே ஒருநாள் அமைதியாக இருந்தது.

இரண்டாம் நாள் பெரம்பலூரிலிருந்து மூன்று பேர் காரில் வந்தார்கள். 'கருங்குளத்தூர் உணர்கருவி பழுது' என்று அவர்கள் திரையில் சிவப்பு விளக்கு எரிந்ததாம். கழற்றிப் பார்த்தார்கள், துடைத்தார்கள், பேட்டரி மாற்றினார்கள். அப்போதும் பேசவில்லை.

"தொட்டியில தண்ணி இருக்குங்க. அதான் பேசல" என்றான் தர்மன்.

"அது எங்களுக்கும் தெரியும். கருவி வேலை செய்யுதுன்னு நாங்க எப்படி நிரூபிக்கிறது?" என்றார் மூவரில் மூத்தவர்.

வேணுகோபால் போனில் பேசினார். பள்ளியை இணைக்கும் பட்டியல் மறுபடி ஒருமுறை உணர்த்தப்பட்டது. தண்ணீர் மறுபடி முருங்கை மரத்தடிக்குப் போனது. தொட்டி ஏறியது. கருவி நன்றி சொன்னது. அன்றிலிருந்து தர்மன் டீக்கடைக்குப் போவதையும் நிறுத்திவிட்டான்.

இருபத்து நான்காம் வாரம் மதிப்பீடு. சென்னையிலிருந்து மாநில மதிப்பீட்டாளர் தேவயானி மேடம் வருகிறார் என்று பள்ளியில் பந்தல் போட்டார்கள். ஆறரை அடி மேடைக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தர்மனையே கூப்பிட்டார்கள். வெள்ளையடித்து, சுற்றிலும் காவிப்பட்டை போட்டு, 'எங்கள் பிரச்சினை' என்று பலகை வைத்தார்கள்.

மேடம் காலையிலிருந்து மூன்று ஊர் பார்த்துவிட்டு வந்தார். மூன்று ஊரிலும் இளநீர் கொடுத்திருந்தார்கள். இங்கேயும் கொடுத்தார்கள். வரவேற்புரையில் வேணுகோபால் பன்னிரண்டாவது நிமிஷத்தைத் தாண்டியபோது மேடம் அவர் பக்கம் சாய்ந்து ஏதோ கேட்டார். வேணுகோபால் பேச்சை அந்தரத்தில் விட்டுவிட்டு நாலாபக்கமும் பார்த்தார். ஊரில் கழிப்பறை என்று மேடத்தைக் கூட்டிப்போக அது ஒன்றுதான் இருந்தது.

மேடம் உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. சரியாக அந்த நேரத்துக்கு ஒலிபெருக்கி ஆரம்பித்தது.

"தண்ணீர் இல்லை. தண்ணீர் இல்லை. நன்றி."

பந்தலில் யாரும் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்க முந்தானைகள் வாய்க்குப் போயின.

"டீச்சர், பக்கெட்! பக்கெட் எங்க? சீக்கிரம் அலமாரியத் திறங்க!" வேணுகோபாலின் குரல் கீச்சிட்டது. "பொண்ணுங்களா, ஓடுங்க, யார் வூட்டுலயாவது ரெண்டு பக்கெட் தண்ணி பிடிச்சுட்டு வாங்க!"

பதினோரு பேரில் ஒருவரும் ஓடவில்லை. மஞ்சுதான் எழுந்து நின்றாள்.

"சார், பக்கெட் வெச்சா டேட்டா கெட்டுப்போயிருமே?"

"இப்ப அது முக்கியமாம்மா? ஒரு மனுஷி உள்ள இருக்காங்க!"

மஞ்சு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அவளே போய் ஒரு பக்கெட் தண்ணீரைத் தூக்கி வந்து கழிப்பறைக் கதவருகே வைத்தாள். பாவாடை முழுக்க நனைந்திருந்தது. தர்மன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அதைப் பார்த்தான்.

வெளியே வந்த தேவயானி மேடத்தின் முகம் பிரகாசமாக இருந்தது. நேராக மைக்கைப் பிடித்தார்.

"நான் நிறையப் பள்ளிகளைப் பார்த்திருக்கேன். எங்கயும் பிரச்சினையைப் படமாத்தான் காட்டினாங்க. இங்கதான் நானே அதுக்குள்ள நாலு நிமிஷம் இருந்தேன். என்ன ஒரு உணர்தல்! அந்த நாலு நிமிஷம் என் வாழ்க்கையில மறக்க முடியாது. உணர்தலுக்கு முழு மதிப்பெண் கொடுக்கிறேன்."

வேணுகோபால் முதலில் கைதட்டினார்.

"இப்படி ஒரு தரமான பிரச்சினையை இருபத்து நாலு வாரத்தோட முடிக்கிறது அநியாயம். இதை மாதிரிப் பிரச்சினையா அறிவிச்சு இன்னும் நாற்பத்தெட்டு வாரத்துக்கு நீட்டிக்கப் பரிந்துரைக்கிறேன். மற்ற மாவட்டத்துப் பிள்ளைகளும் வந்து பார்க்கட்டும். இந்த மேடையை யாரும் தொட்டுடக் கூடாது. இது உங்க ஊர்ச் சொத்து."

சிந்தாமணி டீச்சர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். 'நிரந்தரமா எறக்கிடலாம்' என்று அவர் தர்மனிடம் வாக்குக் கொடுத்திருந்த ஐந்து மாதம் அன்றோடுதான் முடிந்தது.

தர்மன் எழுந்து பந்தலைவிட்டு வெளியே போனான். அவமானத்தில் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். மேடம் குழந்தைகளின் பொறுமை பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது திரும்பி வந்தான். தோளில் சம்மட்டி இருந்தது.

காலித் தொட்டியை இறக்கச் சின்ன மேடை இன்னும் அங்கேயேதான் இருந்தது. இறக்கினான். குழாயை மாட்டினான். ஒலிபெருக்கியைக் கழற்றி, 'எங்கள் பிரச்சினை' பலகை மேல் பத்திரமாக வைத்தான். அப்புறம் பெரிய மேடையின் மேல்வரிசையில் முதல் அடியைப் போட்டான்.

"ஏம்ப்பா! ஏய்! அரசாங்க சொத்துப்பா அது! மேடம் இப்பதானே சொன்னாங்க!" என்று கத்தினார் வேணுகோபால்.

"இது நான் கட்டுனது சார்." தர்மன் திரும்பவில்லை. "ஏறாதுன்னு தெரிஞ்சே கட்டுனேன்."

அடுத்த அடி விழுந்தது. உடையவில்லை. சிமெண்டைத் துளியும் குறைக்காமல் கட்டிய கட்டு, லேசில் விடுமா? வேணுகோபால் இரண்டு தடவை கிட்டே போய், இரண்டு தடவையும் சம்மட்டியின் வீச்சைப் பார்த்துத் திரும்பி வந்தார். மேடம், "இது சோதித்தல் கட்டத்துல வருதா?" என்று கேட்டார். மேடத்தின் கார் கிளம்பும்போது மேடை நாலரை அடி இருந்தது. பந்தல் பிரிக்கும்போது இரண்டடி. கடைசி வரிசையை எடுக்கும்போது பழைய சித்தாள்கள் நாலு பேர் வந்து செங்கல்லை அடுக்கிக் கொடுத்தார்கள். அதற்குள் சின்ன மேடையில் தொட்டி நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

பத்து நாளில் மையத்திலிருந்து கடிதம் வந்தது. மாதிரிப் பிரச்சினை காணாமல் போனதற்கு விளக்கம் தர வேண்டும், ஏழு நாளுக்குள் பிரச்சினையைப் பழைய நிலையில் ஏற்படுத்திப் படம் அனுப்ப வேண்டும், தவறினால் பள்ளி திட்டத்திலிருந்து நீக்கப்படும், பள்ளி இணைப்புக்கும் பரிந்துரைக்கப்படும் என்று இருந்தது.

சிந்தாமணி டீச்சர் கடிதத்தை இரண்டு தரம் படித்தார். மூன்றாவது பீரியட் மணி அடித்திருந்தது. போனை எடுத்துக்கொண்டு எட்டாம் வகுப்புக்குப் போய், பாடத்தின் நடுவில் தலையை அண்ணாந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மஞ்சுவைப் படம் எடுத்துச் செயலியில் ஏற்றினார்.

பதில் உடனே வந்தது: 'பிரச்சினை தென்படவில்லை. படம் நிராகரிக்கப்பட்டது.'

அதைச் செந்துறைக்குப் போய் அச்செடுத்து வந்தார். 'வலி: உண்டு' என்று மஞ்சுவின் படம் தொங்கிய ஆணியில், அந்தப் படத்தைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார்.

"லிஸ்ட் வந்தா வரட்டும் டீச்சர், எல்லாரும் ஆபீசு வாசல்ல போயி உக்காந்துக்குவோம்" என்றான், பார்க்க வந்த தர்மன்.

அன்று சாயங்காலம் மஞ்சு வீட்டுக்குள் நுழைந்ததும் செல்லக்கண்ணு வழக்கம்போலப் பாட்டிலைக் கழுவ வாங்கினாள். கையில் கனம் இல்லை. மூடியைத் திறந்து கவிழ்த்துப் பார்த்தாள்.

"என்னடி, கீழ கொட்டிட்டியா?"

"குடிச்சுட்டேன்" என்றாள் மஞ்சு. "நாளைக்குப் பெரிய பாட்டிலாக் குடும்மா. மதியத்துக்கு மேல பத்தல."